இரண்டு புள்ளி எட்டு ஒன்பது

நாற்பத்தாறு வயதில்தான் முதல் ஓட்டுப் போட்டேன். சொன்னால் சிரிக்கிறார்கள். தூத்துக்குடியில் பிறந்து, பள்ளிக்கூடம் முடித்த கையோடு மரைன் இன்ஜினியரிங் படிக்கப் போய், அப்புறம் கப்பல் ஏறியவனுக்கு ஓட்டு ஏது? ஊரில் தேர்தல் வரும்போதெல்லாம் நான் ஏதாவது ஒரு கடலில் இன்ஜின் ரூமுக்குள் இருப்பேன். கிரேக்க முதலாளிகளின் கப்பல்களில் பத்து வருடத்துக்கு மேல் சுற்றிவிட்டு, 2009-ல் ஏதென்ஸ் பக்கத்துத் துறைமுக நகரமான பிரேயஸில் ஒரு கப்பல் நிறுவனத்தில் கரை வேலைக்கு வந்தேன். கல்யாணமும் அங்கேயே. 2022-ல் கிரேக்கக் குடியுரிமை கிடைத்தது. இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்று மனசு ஒரு மாதிரியாக இருந்தது. மனைவி காபி போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "இனிமேல் இந்த நாட்டைத் திட்ட உனக்கும் உரிமை வந்தாச்சு. அடுத்த வருஷம் தேர்தல். யாருக்குப் போடுவதென்று இப்போதே யோசிக்க ஆரம்பி."

யோசித்தேன். யோசித்து, 2023 மே 21-ம் தேதி ஒரு கட்சிக்குப் போட்டேன். ஐந்து வாரம் கழித்து ஜூன் 25-ம் தேதி வேறொரு கட்சிக்குப் போட்டேன். நான் மட்டும்தான் மாறினேன் என்றில்லை, அந்த ஐந்து வாரத்தில் தேர்தல் சட்டமே மாறியிருந்தது. ஆனாலும் அந்த இரண்டு ஓட்டில் எது என் ஓட்டு என்ற கேள்வி இன்றுவரை விட்டபாடில்லை. பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி நாக்கு அங்கேயே போய் நிற்கிறது. எழுதித் தள்ளிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

ஆரம்பத்தில் இதை உதிரிபாகம் வாங்குவதுபோல அணுகினேன். எங்கள் வேலையில் ஒரு பம்ப் வாங்க மூன்று கொட்டேஷன் வாங்கி, அட்டவணை போட்டு ஒப்பிடுவோம். அதே மாதிரி கட்சிகளின் அறிக்கைகளை இறக்கி வைத்துக்கொண்டு படித்தேன். தெசலோனிகியில் உள்ள அரிஸ்டாட்டில் பல்கலைக்கழகத்தார் ஒவ்வொரு தேர்தலுக்கும் ‘ஹெல்ப்மீவோட்’ என்று ஒரு இணையதளம் நடத்துகிறார்கள். வரி, அகதிகள், கல்வி என்று வரிசையாகக் கூற்றுகள் வரும். ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன் என்று அமுக்கிக்கொண்டே போனால், கடைசியில் எந்தக் கட்சிக்கு நாம் எவ்வளவு பக்கம் என்று காட்டிவிடும். ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். நான் கனவிலும் நினைக்காத ஒரு கட்சி மேலே வந்து நின்றது. மறுநாள் காலை மறுபடி போட்டேன். வேறு கட்சி. ராத்திரி இருந்த நானும் காலையில் இருந்த நானும் வேறு ஆட்கள் போலிருக்கிறது.

மனைவி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அவர்கள் சொல்வதை வைத்துத்தானே இது கணக்குப் போடுகிறது? செய்வதை வைத்துப் போட்டால் அல்லவா தெரியும்?" சரிதான். என் அலுவலக ஜன்னலில் இருந்து தெரிகிற துறைமுகத்தையே எடுத்துக்கொள்ளலாம். பிரேயஸ் துறைமுகத்தை விற்கக் கூடாது என்று எதிர்க்கட்சியாக இருந்தபோது முழங்கிய இடதுசாரிக் கட்சியான சிரிசாதான், ஆட்சிக்கு வந்த பிறகு 2016-ல் சீனாவின் காஸ்கோ நிறுவனத்துக்கு 51 சதவீதப் பங்கை எழுதிக் கொடுத்தது. 2015-க்கு முன்னால் இந்த இணையதளத்தில் ‘தனியார்மயம் வேண்டாம்’ என்று அமுக்கியிருந்தால் அது என்னைச் சிரிசா பக்கம்தான் தள்ளியிருக்கும்.

பச்சைக் கடை, நீலக் கடை

என் மாமியாருக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அவர் அர்காடியா மலைப்பக்கத்துக் கிராமத்துக்காரர். மாமனார் போன பிறகு எங்களோடு பிரேயஸில் இருக்கிறார், ஆனால் ஓட்டு இன்னும் கிராமத்தில்தான். மாற்றிக்கொள்ளச் சொன்னால் கோபம் வரும். நான் அவரை ‘அத்தை’ என்றுதான் கூப்பிடுகிறேன். தமிழில் அம்மாவுக்கு அதுதான் சொல் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தார், நானும் திருத்தவில்லை. அவர் என்னை ‘பெதீ மு’ என்பார். என் பிள்ளை என்று அர்த்தம்.

முதல் ஓட்டு நாற்பத்தாறு வயதிலா என்று என் அலுவலகத்தில் சிரித்தபோது அவர் மட்டும் சிரிக்கவில்லை. "எனக்கு முப்பது" என்றார். 1944-ல் பிறந்தவர். 1964 தேர்தலில் வயது போதவில்லை. அடுத்த தேர்தல் 1967 மே மாதம் நடப்பதாக இருந்தது. ஏப்ரல் 21-ம் தேதி விடியற்காலையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஏழு வருடம். 1974 நவம்பரில் தேர்தல் வந்தபோது அவருக்குக் கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று இரண்டு பிள்ளைகள்.

அவருடைய கட்சி பசோக், சோஷலிஸ்டுகளின் கட்சி. இதைக் கட்சி என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை, ‘நாங்கள்’ என்றுதான் சொல்வார். 1981-ல் அதன் தலைவர் ஆந்த்ரேயாஸ் பாப்பாந்த்ரேயு ‘அல்லாகி’, அதாவது மாற்றம், என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு 48 சதவீதம் வாங்கி ஜெயித்தார். அதற்கடுத்து வந்தவைதான் விவசாயப் பெண்களுக்குத் தனி ஓய்வூதியமும், 1983-ல் தேசிய மருத்துவ அமைப்பும். "என் அம்மா அறுபது வருஷம் ஆலிவ் பறித்தாள். அவள் பெயர் போட்டு முதன்முதலாகப் பணம் வந்தது அப்போதுதான். அவள் கையெழுத்துப் போடத் தெரியாமல் தபால்காரர் முன்னால் அழுதாள்." இதைச் சொல்லும்போது அவர் குரலில் எந்த நாடகமும் இருக்காது. இதற்கு எதிராக நான் என்ன அட்டவணை போட?

அந்தக் காலத்தில் கிரேக்கக் கிராமங்களில் காபிக் கடைகளே கட்சி வாரியாக இருந்தன. பசோக்காரர்களுக்குப் பச்சைக் கடை, வலதுசாரிகளான புதிய ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்கு நீலக் கடை. இந்தக் கடைக்காரன் அந்தக் கடையில் காபி குடிக்க மாட்டான். மாமியாரின் அலமாரி இழுப்பறையில் 1981 வாக்குச்சீட்டு ஒன்று இன்னும் இருக்கிறது. பசோக்கின் சின்னம் பச்சை நிறத்தில் பாதி சூரியன், மேலே கதிர்கள். முதன்முறை அதைப் பார்த்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எங்கள் ஊரில் இதே சூரியன் வேறு ஒரு கட்சிக்கு என்று விளக்கினேன். "அவர்களும் உங்களை ஏமாற்றினார்களா?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினேன்.

ஏமாற்றம் என்பது இந்த வீட்டில் பெரிய சொல். 2010-ல் நாடு கடனில் தத்தளித்தபோது, செலவை வெட்டும் நிபந்தனைகளோடு வந்த கடன் ஒப்பந்தத்தில் முதல் கையெழுத்துப் போட்டது பசோக் அரசாங்கம்தான். அதற்குப் பிறகு வந்த வெட்டுகளில் மாமியாரின் ஓய்வூதியம் எத்தனை முறை குறைந்தது என்று அவருக்கு விரல்விட்டுச் சொல்லத் தெரியும். மனைவிக்கு ஏமாற்றம் வேறு வழியில் வந்தது. 2015 ஜூன் கடைசியில் வங்கிகளை மூடி, ஏ.டி.எம்.மில் நாளைக்கு 60 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாது என்று ஆக்கியிருந்தார்கள். தினமும் சாயங்காலம் நானும் அவளும் வரிசையில் நிற்போம். இருபது யூரோ நோட்டு தீர்ந்துபோய், ஐம்பது மட்டும்தான் வரும் என்ற நாட்களும் உண்டு. அந்தச் சூழ்நிலையில் ஜூலை 5-ம் தேதி பொதுவாக்கெடுப்பு. கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளுக்கு 61.31 சதவீதம் ‘வேண்டாம்’. மனைவியும் ‘வேண்டாம்’தான். ராத்திரி ஏதென்ஸின் சின்டாக்மா சதுக்கத்தில் ஆடிவிட்டு விடியற்காலையில் வீட்டுக்கு வந்தாள். எட்டாம் நாள், ஜூலை 13, சிரிசாவின் பிரதமர் அலெக்சிஸ் சிப்ராஸ் பிரஸ்ஸல்ஸில் இன்னொரு ஒப்பந்தத்துக்குத் தலையாட்டினார். அன்றிலிருந்து அவள் சிரிசாவின் பெயரைச் சொல்வதில்லை, ‘அந்த ஆட்கள்’ என்பாள். ஆனால் ஓட்டு மட்டும் 2019-லும் அவர்களுக்குத்தான் போட்டாள் என்பது எனக்குத் தெரியும். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

பன்னிரண்டு நிமிடம்

2023 தேர்தலை நான் முடிவுசெய்தது அறிக்கைகளை வைத்து அல்ல, டெம்பியை வைத்துத்தான். பிப்ரவரி 28-ம் தேதி இரவு. ஏதென்ஸிலிருந்து தெசலோனிகி போன பயணிகள் ரயிலும் எதிரே வந்த சரக்கு ரயிலும் ஒரே தண்டவாளத்தில் ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடம் ஒன்றை நோக்கி ஒன்று ஓடி, டெம்பி பள்ளத்தாக்கருகே மோதின. 57 பேர் செத்துப்போனார்கள். நீண்ட வாரயிறுதி முடிந்து கல்லூரிக்குத் திரும்பிய பிள்ளைகள் நிறையப் பேர். ‘போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு’ என்ற அம்மாக்களின் வாக்கியம் மறுநாளே சுவரெங்கும் கோஷமானது.

பிரதமர் மிட்சொடாகிஸ் முதலில் சொன்னது, பெரும்பாலும் இது மனிதத் தவறு என்று. லாரிசா நிலைய அதிகாரி வழியை மாற்றி வைக்காமல் விட்டார், அது உண்மை. ஆனால் நான் இயந்திரத்தோடு வாழ்கிறவன். கப்பலில் ஒரு மனிதன் ஒரு நெம்புகோலைத் தப்பாகப் போட்டு 57 பேர் சாக முடிந்தால், அது அந்த மனிதனின் தவறு மட்டுமில்லை. தப்பாகப் போடவே முடியாதபடி ஒரு பூட்டு இருந்திருக்க வேண்டும். எஞ்சின் முன்னால் ஓடும்போது அதைப் பின்னால் திருப்ப விடாத பூட்டு நூறு வருடப் பழைய கப்பலில்கூட இருக்கும். ரயிலில் அந்த வேலையைச் செய்ய வேண்டியது சிக்னல் அமைப்பு. அதைச் சீர்செய்ய 717 என்ற எண்ணிட்ட ஒப்பந்தம் 2014-ல் கையெழுத்தாகியிருந்தது. இரண்டு வருடத்தில் முடிய வேண்டிய வேலை. 2023-லும் முடியவில்லை.

என் அட்டவணை அங்கேதான் உடைந்தது. 2014-ல் கையெழுத்துப் போட்டபோது ஆட்சியில் இருந்தது புதிய ஜனநாயகமும் பசோக்கும் சேர்ந்த கூட்டணி. 2015-லிருந்து நாலரை வருடம் சிரிசா. ரயில் ஓட்டும் நிறுவனத்தை 45 மில்லியன் யூரோவுக்கு இத்தாலிக்காரர்களுக்கு விற்றது அவர்கள் காலத்தில். 2019-லிருந்து மறுபடி புதிய ஜனநாயகம். மூன்று பெரிய கட்சிகளின் கையும் அந்த ஒப்பந்தத்தின் மேல் பட்டிருக்கிறது. யாருக்குப் போட்டாலும் அந்த 717-க்குப் போட்டதாகத்தானே ஆகும்? போக்குவரத்து அமைச்சர் கோஸ்டாஸ் கரமன்லிஸ் விபத்துக்கு மறுநாள் ராஜினாமா செய்தார். மே மாதம் தன் சொந்த ஊரான செரஸ் தொகுதியிலேயே நின்று ஜெயித்து நாடாளுமன்றத்துக்கும் வந்தார். இதைப் பற்றி மாமியாரிடம் பொரிந்து தள்ளியபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "அந்த ஊரில் யாருக்காவது வேலை வாங்கிக் கொடுத்திருப்பார்கள், யாருக்காவது ரோடு போட்டிருப்பார்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான்."

மூன்றும் வேண்டாம் என்றால் மிச்சம் யார்? பிரேயஸில் கம்யூனிஸ்டுக் கட்சியைத் தாண்டிப் போக முடியாது. துறைமுகத் தொழிலாளர் போராட்டம் எதுவானாலும் முன்வரிசையில் அவர்கள் கொடிதான். மரியாதை உண்டு. ஆனால் எந்த ஆட்சியிலும் பங்கெடுக்க மாட்டோம் என்பதையே கொள்கையாக வைத்திருக்கிறவர்களுக்கு முதல் ஓட்டைப் போட எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் என் கண் போய் நின்றது சோயி கொன்ஸ்தாந்தோபூலு மேல். 2015-ல் நாடாளுமன்றத் தலைவராக இருந்து, நாட்டின் கடன் நியாயமானதுதானா என்று தணிக்கை செய்ய ஒரு குழு போட்டவர். மூன்றாவது ஒப்பந்தத்தை எதிர்த்துச் சிரிசாவை விட்டு வெளியேறி 2016-ல் தனிக் கட்சி கண்டார். அதன் பெயர் ‘ப்லெஃப்சி எலெஃப்தெரியாஸ்’. எலெஃப்தெரியா என்றால் விடுதலை. ப்லெஃப்சி என்றால் கப்பல் ஒரு திசை வைத்துப் போகும் போக்கு. பெயரில் கப்பல் இருந்ததற்காகத்தான் போட்டாயா என்று மனைவி இப்போதும் கிண்டல் செய்கிறாள். இல்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

திரைக்குப் பின்னால்

ஆனால் வாக்குச்சாவடிக்குள் போகும்வரை என் மனசு சிரிசா பக்கமும் சாய்ந்துகொண்டுதான் இருந்தது. சின்ன வயதில் கேட்டு வளர்ந்தது அப்படி: தோற்கிறவனுக்குப் போட்டு ஓட்டை வீணாக்காதே, ஓட்டைப் பிரிக்காதே. தொகுதிக்கு ஒருவர் ஜெயிக்கிற ஊரில் அந்தப் பயம் நியாயம். கிரேக்கத்தில் 300 இடங்களும் விகிதாசாரப்படி. அதிலும் அந்த மே மாதத் தேர்தல் மட்டும் சுத்தமான விகிதாசாரம். முதலில் வரும் கட்சிக்கு இலவசமாக ஐம்பது இடம் கொடுக்கும் பழைய வழக்கத்தைச் சிரிசா 2016-ல் ஒழித்திருந்தது. தேர்தல் சட்டத்தை மாற்றினால், மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் ஆதரவு இல்லாவிட்டால், அடுத்ததற்கு அடுத்த தேர்தலில்தான் அது நடைமுறைக்கு வரும் என்பது அரசியல் சட்டம். அதனால் 2016-ல் போட்ட சட்டம் 2023 மே மாதத்தில் பலித்தது. அதை மாற்றிப் புதிய ஜனநாயகம் 2020-ல் போட்ட சட்டம், முதல் கட்சிக்கு மறுபடி இருபதிலிருந்து ஐம்பது இடம்வரை கூடுதலாகத் தருவது, அதற்கடுத்த தேர்தலுக்குக் காத்திருந்தது. மே மாதத்தில் யாருக்கும் பெரும்பான்மை வராது, ஜூனில் இன்னொன்று நடக்கும் என்று காபிக் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் தெரியும். முதலாவது மனசுக்கு, இரண்டாவது மூளைக்கு என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள்.

காலை ஏழு மணிக்கே போனேன். பக்கத்துத் தொடக்கப்பள்ளி. ஒன்றாம் வகுப்பறை, சுவரில் பிள்ளைகள் வரைந்த ஆக்டோபஸ். வாக்குச்சாவடியை நடத்துவது ஒரு இளம் பெண் வக்கீல், நீதித்துறைப் பிரதிநிதி என்று பெயர். அடையாள அட்டையைப் பார்த்து என் பெயரை மூன்று முறை உச்சரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஊரில் நம் அப்பா அம்மாவெல்லாம் சின்னத்தைத் தேடிப் பொத்தானை அமுக்குவதைப் பார்த்திருக்கிறேன். இங்கே வேறு. ஒவ்வொரு கட்சிக்கும் தனித்தனிச் சீட்டு. அத்தனை கட்சியின் சீட்டையும் சேர்த்து ஒரு தடித்த கட்டாகக் கையில் தருவார்கள், கூடவே வெற்று வெள்ளைச் சீட்டும் ஓர் உறையும். திரைக்குப் பின்னால் போய், வேண்டிய சீட்டை மட்டும் உருவி, அதில் வேண்டிய வேட்பாளர் பெயருக்குப் பக்கத்தில் நீலம் அல்லது கறுப்பு மையில் சிலுவை போட்டு, மடித்து உறைக்குள் வைத்து ஒட்டிவிட வேண்டும். மிச்சத்தைக் குப்பைக் கூடையில் போட்டுவிடலாம்.

திரைக்குள் நின்று கட்டைப் புரட்டினேன். கை கொஞ்சம் நடுங்கியது, ஒப்புக்கொள்வதில் என்ன. சிரிசா சீட்டையும் ப்லெஃப்சி சீட்டையும் உருவி இரண்டையும் அந்தச் சின்ன மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மிச்சக் கட்டைக் கூடையில் போடக் குனிந்தபோதுதான் பார்த்தேன். எனக்கு முன்னால் நாலைந்து பேர்தான் போட்டிருப்பார்கள். கூடை பாதிகூட நிறையவில்லை. மேலாக ஒரு சிரிசா சீட்டு, இரண்டாக மடித்தது, பாதி விரிந்து கிடந்தது. அதில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் சிலுவை. நீல மை. அழுத்திப் போட்ட சிலுவை, குறுக்குக்கோடு காகிதத்தைக் கிட்டத்தட்டக் கிழித்திருந்தது. யாரோ ஒருவர் அந்தச் சீட்டை எடுத்து, வேட்பாளரைத் தேர்ந்து, சிலுவையும் போட்டு, மடித்து, உறைக்குள் வைக்கிற கடைசி நொடியில் வேண்டாம் என்று தூக்கிப் போட்டிருக்கிறார். பதிலுக்கு எதை வைத்தாரோ.

அதையே எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை. வெளியே வக்கீல் அம்மா "எல்லாம் சரிதானே, ஐயா?" என்று கேட்ட பிறகுதான் நினைவு வந்தது. எனக்கு முன்னால் அதே மேசையில் முழங்கையை ஊன்றி நின்ற அந்த ஆளுக்கு என் குழப்பமே இருந்திருக்கிறது; அவர் பேனாவைத் திறந்த பிறகும் திரும்பியிருக்கிறார். எனக்கு ஏனோ பயம் விட்டுப்போயிற்று. சிரிசா சீட்டை அந்தச் சிலுவைச் சீட்டின் மேலேயே போட்டேன். மற்றதை உறைக்குள் வைத்து, பசையை நாக்கால் நனைத்து ஒட்டினேன். சிலுவை எதுவும் போடவில்லை. வேட்பாளர் ஒருவரையும் எனக்குத் தெரியாது.

அப்புறம் மாமியாரையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் மலையேறிக் கிராமத்துக்குப் போனோம். மனைவியின் ஓட்டும் அங்கேதான். சாயங்காலம் ஏழு மணிக்கு காபிக் கடையில் டிவி முன்னால் உட்கார்ந்தோம். பச்சைக் கடை மூடிப் பல வருடமாகிறது. ஆளில்லாத ஊரில் இரண்டு கடை ஓடாது. இப்போது பச்சையும் நீலமும் ஒரே மேசையில் உட்கார்ந்து சிப்புரோ என்ற சாராயம் குடிக்கின்றன. முடிவு வரவர ஒருவரும் பேசவில்லை. புதிய ஜனநாயகம் 40.79, சிரிசா 20.07. கருத்துக்கணிப்பு எதுவும் இப்படி ஒரு இடைவெளியைச் சொல்லவில்லை. 59 தொகுதிகளில் 58 நீலம். நீலக்காரர்களே கொஞ்சம் மிரண்டுபோய், சத்தமாகச் சிரிக்காமல் இருந்தார்கள். ராத்திரி போகப்போக நான் மட்டும் போனில் ஒரே ஓர் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2.91. 2.90. கடைசியில் 2.89-ல் நின்றது. நாடாளுமன்றத்துக்குள் நுழைய 3 சதவீதம் வேண்டும். ஆறாயிரத்து ஐந்நூறு ஓட்டுச் சொச்சம் குறைவு.

ஜூன்

என் ஓட்டு காணாமல் போய்விட்டது என்றால்கூடப் பரவாயில்லை. போகவில்லை என்பதுதான் என்னை அரித்தது. மூன்று சதவீதத்துக்குக் கீழே நின்ற கட்சிகளின் ஓட்டு மொத்தம் அன்று 16 சதவீதம். 300 இடம் அப்படியே இருக்கும். உள்ளே வந்த ஐந்து கட்சிகள் அதை அவரவர் பலத்துக்கு ஏற்பப் பங்குபோட்டுக்கொள்ளும். அதனால்தான் 40.79 சதவீதம் வாங்கிய கட்சிக்கு, போனஸ் இல்லாமலேயே, 146 இடம் கிடைத்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால், வீட்டில் தூங்கியிருந்தாலும் இதே பலன்தான். டெம்பிக்காகக் கோபப்பட்டுப் போட்ட ஓட்டு, போடாத ஓட்டாகி, யாரைக் கோபித்தேனோ அவர்களுக்கு அனுகூலமாக முடிந்தது. இன்ஜினியர் ஒருவன் அடிமட்ட அளவைப் பார்க்காமல் வால்வு வாங்கியதுபோல. 3 சதவீத வரம்பு எனக்குத் தெரியாததில்லை. அந்தச் சிலுவையைப் பார்த்த பிறகு அது நினைவில் நிற்கவில்லை.

மே மாத நாடாளுமன்றம் ஒரே ஒரு நாள் இருந்தது. 28-ம் தேதி பதவிப் பிரமாணம், 29-ம் தேதி கலைப்பு. ஆட்சி அமைக்கும் வாய்ப்பை மூன்று தலைவர்களும் சூடு குறையாமல் திருப்பிக் கொடுத்தார்கள். இம்முறை யார் ஆள்வது என்பது முடிந்த கதை. யார் எதிர்க்கட்சி என்பதுதான் மிச்சம். சிரிசா விழுந்துகொண்டிருந்தது. தன் போன் ஒட்டுக்கேட்கப்பட்டதை 2022-ல் வெளியே கொண்டுவந்த நிகோஸ் ஆந்த்ருலாகிஸ் தலைமையில் பசோக் 11.46-ல் நின்றது. எந்த இடத்தில் வைத்தால் என் ஓட்டு தாங்கும் என்று பார்த்தேன். உண்மையைச் சொன்னால் இன்னொரு காரணமும் உண்டு. மே மாதத் தேர்தல் ராத்திரி, கிராமத்திலிருந்து திரும்பும் காரில், மாமியார் வெளியே பார்த்துக்கொண்டே, "பதினொன்று... ஒரு காலத்தில் நாற்பத்தெட்டு இருந்தோம், பெதீ மு" என்றார். அந்தத் தபால்காரர் கதை எனக்கு ஞாபகம் வந்தது.

ஜூன் 25, நல்ல வெயில். பாதி ஏதென்ஸ் கடற்கரையில். ஓட்டுப் போட வந்தவர்களே நூற்றுக்கு ஐம்பத்து மூன்று சொச்சம்தான். பதினெட்டு மாதத்துக்குள் நடக்கும் மறுதேர்தலில் சிலுவை கிடையாது. வேட்பாளர் வரிசையைக் கட்சியே முடிவு செய்துவிடும். அதனால் பேனாவுக்கும் வேலை இல்லை. அதே ஆக்டோபஸ், அதே திரை. பச்சைச் சூரியனை உருவி, உறைக்குள் வைத்து, ஒட்டி, ஒரு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். கூடைக்குள் பார்க்கவில்லை. மனைவி அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனாள், எனக்கு மறுநாள் விடிகாலையில் சிங்கப்பூருக்கு விமானம். ஒரு கப்பல் டிரை டாக்கில் ஏறியிருந்தது.

முடிவை விமானநிலையத்தில் பார்த்தேன். புதிய ஜனநாயகம் 158 இடம். பசோக் 11.84, என் ஓட்டால் அதற்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. ப்லெஃப்சி எலெஃப்தெரியாஸ் 3.17. உள்ளே போய்விட்டது, நான் இல்லாமல். கூடவே இன்னொன்றும் உள்ளே வந்திருந்தது: அப்போது சிறையில் இருந்த, ‘பொன் விடியல்’ என்ற நவநாஜிக் கட்சியின் பழைய ஆள் ஒருவரின் ஆசியோடு, சில வாரத்துக்கு முன்னால் யாரும் பெயர்கூடக் கேட்டிராத ‘ஸ்பார்ட்டர்கள்’, 4.68 சதவீதம். அவரது சொந்தக் கட்சியை உச்ச நீதிமன்றம் தடுத்திருந்தது. அவர்கள் ஆட்கள் மட்டும் எந்தக் குழப்பமும் இல்லாமல் சொன்ன சீட்டை உருவியிருக்கிறார்கள்.

2025 பிப்ரவரி 28-ல், டெம்பி நடந்து இரண்டு வருடம் முடிந்த நாளில், சின்டாக்மாவில் நின்ற கூட்டத்தில் நாங்களும் நின்றோம். ‘எனக்கு ஆக்சிஜன் இல்லை’ என்று அட்டைகள். விபத்தன்று அவசர எண்ணுக்கு ஒரு பெண் பேசிய கடைசி வார்த்தைகள் அவை. பக்கத்தில் நின்ற யாரும் யாரையும் எந்தக் கட்சி என்று கேட்கவில்லை. அதற்கடுத்த வாரங்களில் சில கருத்துக்கணிப்புகள் ப்லெஃப்சியை இரண்டாம் இடத்தில் காட்டின. மனைவி செய்தியை நீட்டி, "உன் கப்பல் கிளம்பிவிட்டது, ஏறவில்லையா?" என்றாள். எனக்கோ அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் ஏறும் ஆசை போய்விட்டது. 2.89-ல் அது என் கட்சியாக இருந்தது. இரண்டாம் இடத்துக்கு வந்ததும் மற்றதைப்போல அதுவும் ஒரு கட்சி. இது நல்ல குணமா, கோணல் புத்தியா, எனக்கே தெரியவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் மாமியார் திராட்சை இலையில் சோறு வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து இலை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். 2027-க்குள் அடுத்த தேர்தல் வந்துவிடும், அதுவரை மலையேறும் தெம்பு எனக்கு இருக்குமோ என்னவோ என்றார். எதற்கும் சொல்லிவிடலாம் என்று, "அத்தை, போன தடவை ஜூனில் உங்கள் கட்சிக்குத்தான் போட்டேன்" என்றேன். இரண்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது. அவர் கை நிற்கவில்லை. இன்னும் ஒரு இலையை உருட்டிப் பானையில் மற்றவற்றுக்கு நடுவே செருகிய பிறகுதான் தலையைத் தூக்கினார்.

"நான் அன்றைக்கு வெள்ளைச் சீட்டு வைத்தேன்" என்றார். "இவளிடம் சொல்லாதே."

அப்புறம் எலுமிச்சம்பழம் இரண்டு எடுத்துவரச் சொன்னார்.